இளவட்டக்கல் முதல் சமவேகப் பொறி வரை: உடற்பலம் அளக்கப்பட்ட வரலாறு

மனித உடலின் பலத்தைப் போற்றாத சமுதாயம் இல்லை எனலாம். நமது வீரயுக இலக்கியங்கள் தொட்டு நாட்டார் கதைப்பாடல்கள் ஈறாகத் தோள்வலியும் தாள்வலியும் பேசப்படாத இடம் அரிது. ஆயினும் பலம் போற்றப்பட்ட வரலாறு வேறு. அது அளக்கப்பட்ட வரலாறு வேறு. போற்றுவதற்குப் புலவன் ஒருவன் போதும். அளப்பதற்கோ கருவி வேண்டும். அதனைக் கையிற் பிடிப்பவன் வேண்டும். பெற்ற எண்ணைக் கொண்டு அவன் ஆற்றக் கருதும் காரியம் ஒன்றும் வேண்டும். காரியம் மாறுந்தோறும் கருவியும் மாறி வந்துள்ளது. அளக்கப்படும் மனிதன் யாரோடு ஒப்பிடப்படுகின்றான் என்ற வினாவுக்கான விடையும் அதனோடு மாறி வந்துள்ளது. இம்மாற்றத்தைத் தொடர்ந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முழங்காலிற் காயமுற்றுச் சத்திரசிகிச்சையின் பின்னர் தேறிவரும் ஒருவரின் தசைப்பலத்தை அறிய, வசதி படைத்த புனர்வாழ்வு நிலையங்களில் இன்று பயன்படுவது ‘ஐசோகைனற்றிக்’ எனப்படும் சமவேகப் பொறியாகும். மருத்துவத்துறையாரின் தனியுடைமை போலத் தோன்றும் இப்பொறிக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான கண்ணி ஒன்று தமிழ் மண்ணில், செங்கற்பட்டிலும் வேலூரிலும் அமைந்ததென்பது நம்மவர் பலரும் கவனிக்கத் தவறிய செய்தியாகும்.

தமிழகத்தின் தென்மாவட்டக் கிராமங்களில் இன்றும் காணப்படும் இளவட்டக்கல்லிலிருந்து தொடங்குவது பொருந்தும். ஊர்ப் பொதுவிடத்திற் கிடக்கும் வழுவழுப்பான உருண்டைக் கல் அது. பிடிப்பதற்கு விளிம்பெதுவும் இல்லாத அக்கல்லை நிலத்திலிருந்து எடுத்து, முழங்காலுக்கும் மார்புக்கும் ஏற்றித் தோளிற் கொண்டுவந்து பின்புறமாக எறிதல் வேண்டும். பெண் கொடுப்பதற்கு முன்னர் மாப்பிள்ளையின் பலத்தை இவ்வாறு சோதித்தனர் என்பது மரபு வழிச் செய்தி. இக்கல் கூறக்கூடிய விடை இரண்டே: தூக்கினான், அல்லது தூக்கவில்லை. எவ்வளவு பலம் என்பதையோ, தூக்க இயலாதவனிடம் எந்த உறுப்புத் தளர்ந்துள்ளது என்பதையோ அது கூறமாட்டாது. ஊரிலுள்ள எல்லா இளைஞருக்கும் அது ஒரே கல்.

மலையகத்தில் வழங்கிய அளவு வேறு வகையினது. கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் வீதி திகன, தெல்தெனிய ஆகியவற்றைக் கடந்து மலையேறி ஹுன்னஸ்கிரியவை அடைகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அருகமைந்த இச்சரிவுகளும், கண்டிச் சீமையின் ஏனைய மலைகளைப் போலவே, முதலிற் கோப்பிக்கும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரைச் சீரழித்த பின்னர் தேயிலைக்கும் உட்பட்டவை. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரின் பலம் இங்கு நாள்தோறும் அளக்கப்பட்டது. ஆனால் தராசில் ஏறியது உடலன்று, கொழுந்துக் கூடை. குறித்த நிறையை எட்டியவருக்கு ஒரு ‘பேர்’ போடப்பட்டது; எட்டாதவருக்கு ‘அரைப்பேர்’. ஆளை வேலைக்குக் கொணர்ந்த கங்காணிக்குத் தலையெண்ணித் தலைக்காசு கிடைத்தது. ஒருவரின் பெயரையே பாதியாக்கும் இச்சொல்லாட்சியின் கடுமை, நாளாந்தப் பழக்கத்தால் நம் செவிக்கு உறைப்பதில்லை. கூடை குறைந்ததற்குக் காரணம் காய்ச்சலா, முழங்கால் வீக்கமா, கொழுந்தில்லாத மலையா எனத் தராசு கேட்பதுமில்லை. உழைப்புச் சக்தியைப் பண்டமாகக் கொள்ளும் ஒரு பொருளாதார அமைப்பில் பலத்தை அளக்கும் முறை இவ்வாறு அமைந்தது வியப்பன்று.

தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்னரே ஐரோப்பாவில் உடலின் விசையை எண்ணாகக் காட்டும் கருவி உருவாகிவிட்டது. இயற்கை வரலாற்றறிஞர் பூபோன் முதலியோரின் தூண்டுதலால் எட்மே ரெய்னியே என்ற பிரெஞ்சுக் கைவினைஞர் ஆக்கிய விசைமானி பற்றிய விபரம் 1798இல் வெளியாயிற்று. நீள்வட்ட வடிவில் வளைக்கப்பட்ட எஃகுவில் அதன் உயிர்நாடி. வில்லின் இரு பக்கங்களையும் கைகளால் அழுத்தினால் பிடியின் விசையையும், அதனைக் காலாற் பிணித்து மேனோக்கி இழுத்தால் இடுப்பின் விசையையும் முள் ஒன்று காட்டும். குதிரைகளின் இழுவிசையை அளப்பதற்கும் இதே கருவி பயன்பட்டது.

1800இல் பிரான்சிலிருந்து அவுஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்ட போதேனின் கடற்பயணக் குழுவில் இடம்பெற்ற பிரான்சுவா பெறோன் இக்கருவியை உடன் கொண்டு சென்றார். தஸ்மேனியத் தீவினர், அவுஸ்திரேலியப் பழங்குடியினர், தீமோர்வாசிகள் ஆகியோரையும், ஒப்பீட்டிற்காகப் பிரெஞ்சு, ஆங்கிலேய மாலுமிகளையும் குடியேறியோரையும் அவர் அளந்தார். ஐரோப்பியரே பலத்தில் மேம்பட்டோர் என்பது அவர் 1807இல் வெளியிட்ட முடிவு. நாகரிகம் மனிதனை நலிவுறச் செய்கின்றது என்று ரூசோவின் வழிவந்தோர் கூறிவந்த கருத்தை இவ்வெண்களைக் கொண்டு மறுத்துவிட்டதாகவும் அவர் கருதினார். அளக்கப்பட்டோர் மிகச் சிலரே. இதுவரை கண்டிராத உலோகக் கருவியொன்றை முழு மூச்சுடன் அழுத்த வேண்டிய தேவை அவர்களுக்கு என்ன இருந்தது? எந்நேரமும் கயிறிழுக்கும் மாலுமியின் கையோடு வேறு தொழில் பழகிய கையை ஒப்பிடுவது எவ்வாறு தகும்? பின்னர் பெல்ஜிய அறிஞர் கெட்லே இவ்வகைக் கருவியை ஆராய்ந்தபோது, கையின் அளவும் பிடிக்கும் முறையும் எண்ணை மாற்றிவிடுகின்றன எனச் சுட்டிக்காட்டினார். எஃகுவில் காட்டியது ஒரு கணத்துப் பிடியின் விசையையேயாகும். அதிலிருந்து இனங்களின் தரவரிசை ஒன்றைப் பெறோன் பெற்றுக்கொண்டார். காலனித்துவ அறிவியலின் போக்கினை விளக்க இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

கல்லும் தராசும் எஃகுவில்லும் ஒருவகையில் ஒத்தவை. மூன்றும் மனிதனை மற்றொரு மனிதனோடு நிறுத்தி வரிசைப்படுத்தின. இவ்வழக்கத்தினின்றும் விலகிய அளவு முறை நோயாளரின் கட்டிலருகே பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இளம்பிள்ளைவாதம் அலையலையாகப் பரவிற்று. பொஸ்டன் நகரத்து எலும்பு மருத்துவர் றொபேட் லொவெற்றுக்கும் அவரிடம் பணியாற்றிய வில்ஹெல்மின் றைற் என்ற பெண்மணிக்கும் ஒரு நடைமுறைப் பிரச்சினை எழுந்தது. முடங்கிய குழந்தையின் காலில் எந்தத் தசை முற்றாகச் செயலிழந்தது, எது சிறிது எஞ்சியுள்ளது என்பதை அறியாமற் சிகிச்சையைத் திட்டமிட இயலாது. அவர்கள் கண்ட தீர்வு மிக எளியது: குழந்தையின் சொந்தக் காலின் பாரமே படிக்கல்லாயிற்று. புவியீர்ப்பை எதிர்த்துக் காலைத் தூக்க முடிகின்றதா? இல்லையெனில், பக்கவாட்டிற் படுக்கவைத்துப் பாரத்தை நீக்கினால் அசைக்க முடிகின்றதா? தூக்க முடியுமாயின், கையால் அழுத்தித் தடுக்கும்போதும் தூக்க முடிகின்றதா? 1912இல் றைற் இம்முறையை எழுதி வெளியிட்டார். 1915 அளவில் லொவெற்றும் மார்ட்டின் என்பாரும் விற்றராசைக் கொண்டு இதே தசைகளை எண்ணால் அளக்கும் முறையையும் வகுத்தனர். இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1943இல், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நரம்புக் காயமுற்ற போர்வீரர்களுக்காக வெளியிட்ட பூச்சியம் முதல் ஐந்து வரையான தரவரிசையும் இவ்வழியினதே. பூச்சியம் என்றால் அசைவின் சாயலுமில்லை. மூன்று என்றால் தன் பாரத்தைத் தானே வெல்லும். ஐந்து என்றால் இயல்பான பலம். எந்த வைத்தியசாலையிலும் செலவின்றிச் செய்யத்தக்க இச்சோதனை இன்றளவும் நிலைத்துள்ளது.

இச்சிந்தனையின் மிக நுட்பமான பயன்பாட்டைத் தமிழகத்திற் காண்கின்றோம். ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணரான போல் பிராண்ட் 1946இன் இறுதியில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்திற்குச் சென்றபோது, அங்கு பொறுப்பாயிருந்த மருத்துவர் றொபேட் கொக்றேன் நோயாளரின் மடங்கிய கைகளை அவருக்குக் காட்டினார். அக்காலத்தில் அக்கைகள் கைவிடப்பட்டவை. தொழுநோய் தசையையே தின்றுவிடுகின்றதென்ற எண்ணம் பரவலாக இருந்தது. பிராண்ட் ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார். வலி பொறுக்க முடியாத அளவுக்கு இறுகிற்று அப்பிடி. உணர்ச்சியற்ற, நகம்போல் வளைந்த அக்கைக்குள் நல்ல தசைகள் உயிரோடிருந்தன.

இதன் பின்னர் நிகழ்ந்ததே வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. நோயாளர் பலரின் கைகளைத் தசைதசையாகச் சோதித்துப் பிராண்டும் உடன் பணியாற்றியோரும் குறித்து வைத்தனர். முடக்கம் கண்டபடி ஏற்படவில்லை என்பது புலனாயிற்று. முழங்கைக்கருகே செல்லும் நரம்பொன்று பாதிக்கப்படுவதால் கையின் உள்ளேயுள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் மேற்பகுதியில் அமைந்து நீண்ட நாண்களால் விரல்களை மடக்கும் பெருந்தசைகளோ பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. எஞ்சிய நல்ல தசையின் நாணை இடமாற்றித் தைத்தால் செயலிழந்த தசையின் வேலையை அதனைக் கொண்டு செய்விக்கலாம். 1948 முதல் இச்சத்திரசிகிச்சைகள் செய்யப்பட்டன. ஆனால் நாணை மாற்றுவதோடு காரியம் முடிவதில்லை. நேற்றுவரை விரல் நுனியை மடக்கிய தசை இன்று வேறு தொழில் செய்யவேண்டும் என்பதை உணர்ச்சியற்ற கைக்கு உணர்த்துவது இயன்மருத்துவரின் பொறுப்பு. ரூத் தோமஸ் என்ற இயன்மருத்துவர் வேலூரில் இப்பணியைத் தொடக்கி வைத்தவர். 1950களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட நவஜீவ நிலையத்தில், திருத்தப்பட்ட கைகளுக்குத் தச்சுத் தொழில் முதலியன பழக்கப்பட்டன. இங்கு பலம் அளக்கப்பட்டது ஒருவனை இன்னொருவனுக்குக் கீழே நிறுத்துவதற்காகவன்று. அவனிடம் எஞ்சியிருப்பது எதுவென அறிந்து அதனைப் பயன்படுத்துவதற்காகும். பெறோன் கையாண்ட எஃகுவில்லையும் பிராண்டின் குறிப்பேட்டையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஒன்றரை நூற்றாண்டின் தூரம் புலப்படும்.

வேலூரின் பங்களிப்பு இத்துடன் நிற்கவில்லை. அங்கு பயின்ற இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகெலும்பு சேதமுற்று இடுப்பின் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யலானார். பின்னர் நியூயோர்க் சென்று, புனர்வாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவார்ட் றஸ்க்கின் நிலையத்திற் பயிற்சி பெற்றுத் திரும்பி வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அங்கு புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. அவர் பயின்ற அதே நியூயோர்க் நிலையத்தில்தான் 1960களின் பிற்பகுதியிற் சமவேகப் பொறி நோயாளரிடத்து முதன்முதலாக விரிவாகச் சோதிக்கப்பட்டது. அப்பொறி எந்தக் குறையை நீக்க எழுந்தது என்பதை இனிக் காண்போம்.

கையாற் செய்யும் சோதனைக்கு ஒரு குறைபாடு உண்டு. நலிந்த தசையை அது நன்கு பிரித்தறியும். தேறிவரும் தசையிடத்துத் தடுமாறும். 1961இல் பீஸ்லி என்ற ஆய்வாளர், இளம்பிள்ளைவாதத்திற்குட்பட்ட குழந்தைகளிடம் கைச்சோதனையில் நன்று எனக் கணிக்கப்பட்ட தொடைத் தசைகளைக் கருவியால் அளந்தபோது அவற்றின் சராசரிப் பலம் இயல்பானதன் பாதியைக்கூட எட்டவில்லை. பயிற்சி முறையிலும் இதையொத்த சிக்கல் இருந்தது. 1945இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் தோமஸ் டிலோர்ம், முழங்காற் காயமுற்ற வீரர்களுக்குப் படிப்படியாகப் பாரத்தை ஏற்றித் தசைப்பலத்தை மீட்கும் முறையை வெளியிட்டார். அக்காலத்திற் புரட்சிகரமான முறை அது. எனினும் இரும்புப் படிக்கல்லின் பாரம் மாறாதது. மனித மூட்டோ ஒவ்வொரு கோணத்திலும் வெவ்வேறு விசையைத் தரவல்லது. எனவே முழு வீச்சுக்கும் தூக்கக்கூடிய பாரம் மிகப் பலவீனமான கோணத்தால் நிர்ணயிக்கப்படுகின்றது. ஏனைய கோணங்களில் தசை முழுமையாக வேலை செய்வதில்லை.

நியூயோர்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பெறின் இதற்குக் கண்ட வழி, பாரத்திற்குப் பதிலாக வேகத்தை மாறாமல் வைப்பதாகும். கால் பொறியின் நெம்புகோலோடு பிணைக்கப்படும். நெம்புகோல் வினாடிக்கு 60 பாகை என வைக்கப்பட்டால், எவ்வளவு உதைத்தாலும் அவ்வேகத்தை மிஞ்சாது. மிகையாக உதைக்கும் விசை முழுவதையும் பொறி எதிர்த்து நின்று, அதனை முறுக்குவிசையாகப் பதிவு செய்யும். வலி தோன்றி உதைப்பவர் தளர்ந்தால் எதிர்ப்பும் உடனே தளரும். தலைக்குமேற் பாரம் தொங்கும் அச்சமில்லை. 1967இல் ஹெலன் ஹிஸ்லொப்பும் பெறினும் இக்கருத்தை அமெரிக்க இயன்மருத்துவர் சங்கச் சஞ்சிகையில் விளக்கினர். ‘சைபெக்ஸ்’ என்ற பெயரில் இப்பொறி விற்பனைக்கு வந்தது. வினாடிக்கு 60 பாகையிற் பெறும் உச்ச முறுக்குவிசை 180, 300 பாகை வேகங்களிற் படிப்படியாகக் குறைவதைக் காணலாம். சுருங்கும் வேகம் கூடுந்தோறும் தசையின் விசை குறையும் என 1938இல் ஏ. வி. ஹில் தவளையின் தசையிற் கண்ட விதியின் வழிப்பட்டது இது.

பொறி தரும் எண் எதனோடு ஒப்பிடப்படுகின்றது என்பதே நமது கவனத்திற்குரியது. வழக்கமாக அது நோயாளியின் மறுகாலோடு ஒப்பிடப்படுகின்றது. காயமுற்ற காலின் முன்தொடைத் தசை, காயமுறாத காலினதைவிட நூற்றுக்குப் பத்துப் பதினைந்து வீதத்திற்கு மேற் குறையாத நிலை எய்தினால் விளையாட்டுக்குத் திரும்பலாம் என்பது பலரும் கையாண்ட அளவுகோல். வேற்று மனிதன் எவனும் இடையில் வரவில்லை. ஒருவனுக்கு அவனுடைய நலமான உறுப்பே நியமம்.

இவ்வளவு துல்லியமான பொறியும் கண்டனத்திற்குத் தப்பவில்லை. காலின் பாரம் அளவிற் கலந்து பிழை விளைவிக்கின்றது என்பதை 1981இல் வின்ரர், வெல்ஸ், ஓர் ஆகிய ஆய்வாளர் நிறுவினர். லொவெற் படிக்கல்லாகக் கொண்ட அதே பாரம் இங்கு கழிக்கப்படவேண்டிய தொல்லையாயிற்று! 1987இல் றொத்ஸ்ரீனும் துணைவரும், பொறியின் எண்ணுக்கும் நோயாளியின் அன்றாட இயக்கத்திற்குமுள்ள தொடர்பு நிறுவப்படாமலே அவ்வெண் நம்பப்படுகின்றது என எச்சரித்தனர். நியாயமான எச்சரிக்கைதான். மாறா வேகத்தில் எவரும் நடப்பதில்லை.

இதனினும் முக்கியமான வரையறை ஒன்றை மலையகத்தவர் எளிதில் உணர்வர். முதற் சமவேகப் பொறிகள் தசை சுருங்கிக்கொண்டு செய்யும் வேலையை மாத்திரமே அளந்தன. மலையிலிருந்து இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகின்றது. ஏறுவதற்குத் தசை உந்துகின்றது, இறங்குவதற்கு அது தடையாக நின்று உடலைக் காக்கின்றது. நிறைந்த கொழுந்துக் கூடையோடு ஈரமான சரிவில் இறங்குபவரின் முழங்காலுக்கு வேண்டியது இந்த இரண்டாவது பலமே. மோட்டாரினால் இயங்கி இதனையும் அளக்கவல்ல பொறிகள் 1980களிலேயே பரவலாயின.

நமது நாட்டிற் புனர்வாழ்வின் தேவை இரு பெரும் துயரங்களால் உணரப்பட்டது. 1962இல் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவி ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிற்று. அவ்வாண்டே வாய்வழித் தடுப்புமருந்து புகுத்தப்பட்டது. 1993க்குப் பின்னர் இங்கு அந்நோய் காணப்படவில்லை. மற்றையது உள்நாட்டு யுத்தம். 2009 வரை நீடித்த அது விட்டுச் சென்ற அங்கவீனர் தொகை பெரிது. 1980களில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர்க் கால் செய்யும் நிலையங்கள் தோன்றியமை இப்பின்னணியிலாகும். கண்டி மாவட்டத்தில், ஹுன்னஸ்கிரிய செல்லும் அதே வீதியில், திகனயில் அரசினர் புனர்வாழ்வு வைத்தியசாலை இயங்குகின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் இயன்மருத்துவம் பட்டப்படிப்பாகப் பயிற்றப்படுகின்றது. சமவேகப் பொறி பெருவிலையது. மேலைநாடுகளிலும் அது பெரும்பாலும் விளையாட்டு மருத்துவத்தையும் ஆய்வுகூடத்தையும் சார்ந்தே வளர்ந்தது. நமது சாதாரண நோயாளரைப் பொறுத்தவரை றைற்றின் கைச்சோதனையே நடைமுறையில் உள்ளது.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. மறுகாலோடு ஒப்பிடும் முறை, மறுகால் நலமாயிருக்கின்றதென்ற எடுகோளில் நிற்பது. இருபது வயது உதைபந்தாட்ட வீரனுக்கு அது பொருந்தும். முப்பது ஆண்டுகள் சரிவில் ஏறியிறங்கி இரு முழங்கால்களும் தேய்ந்த தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு, இடக்கால் வலக்காலுக்குச் சமம் என்ற விடையாற் பயனென்ன? இரண்டும் சமமாக நலிந்துள்ளன என்பதே அதன் பொருள். அவ்வாறாயின் நியம அட்டவணைகளை நாடவேண்டும். அவற்றுட் பல மேலைநாட்டு இளைஞரையும் விளையாட்டு வீரரையும் அளந்து பெற்றவை. அவரோடு இவரை ஒப்பிடப் புகுந்தால் பெறோனின் கப்பலில் மீண்டும் ஏறியவர்களாவோம். வேலைக்குத் தகுதியானவரா, இலகுவான வேலை கொடுக்கவேண்டுமா என்ற தீர்மானம் இவ்வெண்ணைப் பற்றி நிற்குமிடத்து, இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. அரைப்பேருக்கும் முழுப்பேருக்குமுள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் உலையைத் தொடுவது.

செய்யவேண்டிய வேலையையே அளவுகோலாக்குவது ஒரு வழி. முதியோரின் காற்பலத்தை அறிய 1990களின் இறுதியில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட சோதனை ஒன்றில், கைகளை மார்பிற் கட்டியபடி அரை நிமிடத்தில் எத்தனை முறை கதிரையிலிருந்து எழுந்து நிற்க முடிகின்றதென எண்ணுகின்றனர். அதற்கு ஒரு கதிரையும் கடிகாரமும் போதும். அதுபோல, பாரத்தோடு பத்துப் படி இறங்கும் ஒருவரின் முழங்கால் எந்தப் படியில் நடுங்குகின்றது, சிகிச்சை தொடங்கி ஒரு மாதத்தின் பின் எந்தப் படியில் நடுங்குகின்றது எனக் குறித்து வைக்கும் இயன்மருத்துவர், அத்தொழிலாளியை அவருடைய சென்ற மாதத்து நிலையோடு ஒப்பிடுகின்றார். படிகளுக்கு மலையகத்திற் குறைவில்லை. லயத்து வாசலிலிருந்தே அவை தொடங்குகின்றன.